எத்தால், எஃப்பிக்யூசி, சிடிஎச்: டோபாலஜிகளின் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி

என்னிடம் இருநூறு பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் ரென் நகரத்துக்கு முனைவர் பட்டத்துக்காகப் போன முதல் வாரம் வாங்கியது. பக்கத்துக்கு ஒரு பெயர் என்று தலைப்பிட்டு வைத்தேன்: ஜரிஸ்கி, எத்தால், எஃப்பிபிஎஃப், எஃப்பிக்யூசி, நிஸ்னெவிச், சிடிஎச், கிறிஸ்டலைன், சின்டோமிக். எல்லாமே இயற்கணித வடிவியலில், அதாவது பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளின் தீர்வுகளை வடிவங்களாகப் பார்க்கும் துறையில், புழங்கும் டோபாலஜிகள். வரையறைகளை மட்டும் மனப்பாடம் செய்தபோது, இரண்டு வாரத்தில் எது எது என்று குழம்பிப் போனேன். ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்து, கூடவே ஒரு சின்ன உதாரணத்தையும் எழுதி வைத்த பிறகு அந்தக் குழப்பம் திரும்ப வரவே இல்லை. இப்போது எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இந்தத் துறைக்குள் வருகிற பிள்ளைகள் இதையேதான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே டோபாலஜி என்றால் கல்லூரியில் படித்த திறந்த கணங்களின் தொகுப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1958-க்குப் பிறகு கணிதர் அலெக்சாந்தர் க்ரோதெண்டிக் அந்தக் கருத்தையே விரித்தார். ஒரு வெளியை அதன் உட்பகுதிகளால்தான் போர்த்த வேண்டும் என்பதில்லை, இன்னொரு வெளியிலிருந்து அதற்குள் வரும் கோர்த்தல்களாலும் (மேப், மார்ஃபிசம்) போர்த்தலாம் என்றார். எந்தக் கோர்த்தல்களைப் போர்வையாக ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டால் ஒரு டோபாலஜி கிடைத்துவிடும். ஆக, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இருப்பது ஒரே கேள்வி: எதெல்லாம் போர்வை?

என் முறைக்கு ஒரே ஒரு கருவி போதும். ஓர் எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் கோர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் எண்ணுக்கு ம, கீழே இருக்கும் எண்ணுக்கு க என்று பெயர் வைப்போம். க = ம². பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூச்சியத்தை நீக்கிய கோட்டிலேயே வேலை செய்வோம். ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் "இந்த வர்க்கக் கோர்த்தல் இங்கே போர்வையா?" என்று கேட்டு, விடையை அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். பெயரின் கதை ஞாபகத்துக்கு உதவும், இந்த விடை புரிதலுக்கு உதவும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

பெயரை எடுத்ததும் அது ஆள் பெயரா, ஒரு காட்சியா, சுருக்கெழுத்தா என்று பாருங்கள். அப்புறம் எந்த மொழியில் பிறந்தது என்று பாருங்கள். இந்தத் துறையில் முக்கால்வாசிப் பெயர்கள் பிரெஞ்சு. அதை ஆங்கிலமாக நினைத்துப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஜரிஸ்கி ஆள் பெயர். 1899-ல் கோப்ரினில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசு, இன்று பெலாருஸ். குடும்பப் பெயர் ஜரிட்ஸ்கி. ரோமுக்குப் படிக்கப் போனவரிடம், இத்தாலிய வாய்க்கு ஏற்றபடி பெயரை ஜரிஸ்கி என்று மாற்றிக்கொள்ளச் சொன்னவர் ஃபெதெரிகோ என்ரிக்வெஸ். ஆக, உலகம் முழுக்க மாணவர்கள் தினமும் உச்சரிக்கும் அந்தப் பெயரே இத்தாலியில் திருத்தப்பட்டது. ஆள் பெயர் கொண்ட டோபாலஜிகளில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: அந்த ஆள் முதலில் செய்ததும் இன்று அவர் பெயரால் வழங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜரிஸ்கி 1944-ல் எழுதிய கட்டுரையில் டோபாலஜி கொடுத்தது ஒரு களத்தின் (ஃபீல்ட்) வேல்யுவேஷன்கள், அதாவது அதன் உறுப்புகளின் அளவைச் சொல்லும் விதிகள், எல்லாம் சேர்ந்த கணத்துக்கு. பல்லுறுப்புக் கோவைகளின் பூச்சியங்களை மூடிய கணங்களாக வைக்கும் டோபாலஜியை வேலைக்கான கருவியாக எல்லார் கையிலும் கொடுத்தது 1955-ல் வந்த, பிரெஞ்சுக் கணிதர் ழான்-பியேர் செரின் ஷீஃப் கட்டுரை (ஷீஃப் என்றால், சின்னச் சின்னத் திறந்த பகுதிகளில் உள்ள தகவலை ஒட்டிச் சேர்க்கும் கருவி). ஜரிஸ்கி பக்கத்தில் இந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். 1944 கடைசியில் திரும்ப வரும்.

நம் கோர்த்தலைச் சோதிப்போம். ஜரிஸ்கி டோபாலஜியில், எவ்வளவு சின்னத் திறந்த பகுதியை எடுத்தாலும் க-வுக்கு வர்க்கமூலம் கிடைக்காது. கிடைத்தால் அது இரண்டு பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாக இருக்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி, விகிதத்தில் கீழே உள்ள கோவையை மறுபக்கம் கொண்டுபோனால், ஒரு பக்கம் இரட்டைப் படி, இன்னொரு பக்கம் க சேர்ந்ததால் ஒற்றைப் படி. ஒருநாளும் சமமாகாது. இந்த இரண்டு வரிச் சோதனையை நீங்களே பேனா பிடித்து எழுதிப் பார்க்க வேண்டும். ஜரிஸ்கி டோபாலஜியில் திறந்த கணங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை என்று புத்தகங்கள் சொல்வதன் பொருள் இங்கேதான் கையில் படும். 1958-ல் கணிதர் செவாலேயின் பாரிஸ் கருத்தரங்கில் செர் எடுத்துக்கொண்டதும் இந்தக் குறையைத்தான்: ஜரிஸ்கி அளவில் பிரியாத ஃபைபர் வெளிகள் (ஒரு புள்ளிக்கு மேலே நிற்கும் பகுதிதான் அதன் ஃபைபர்), ஒரு கிளைபிரியாத போர்வைக்கு ஏறிப்போனால் பிரிந்துவிடுகின்றன. அங்கிருந்து க்ரோதெண்டிக்குக்கு வழி திறந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி 1957 முதல் 1960 வரை பாரிஸில் இருந்தார், செவாலேயின் கருத்தரங்கில் பேசியும் இருக்கிறார். பின்னாளில் சென்னையில் கணித நிறுவனம் கட்டியவர் அவர். இந்தப் பெயர்களெல்லாம் பிறந்த அறைக்குள் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

அடுத்து எத்தால். இந்தப் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், நான் நிறைய ஒதுக்கினேன்.

பிரெஞ்சில் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும் இரண்டு சொற்கள் உண்டு. எத்தாலே என்பதில் முதல் எழுத்தின் மேல் ஒரு சாய்கோடும் கடைசி எழுத்தின் மேல் இன்னொரு சாய்கோடும் இருக்கும். விரித்துப் போட்டது, பரப்பி வைத்தது என்று பொருள். சந்தையில் கடை விரிப்பதற்கும் இந்த வினைதான். ஷீஃப் ஒன்றை, ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு உள்ள தண்டுகளையெல்லாம் (ஸ்டாக்) பரப்பி ஒரு வெளியாக்கும்போது அதை எஸ்பாஸ் எத்தாலே என்பார்கள். எத்தால் என்பதில் முதல் எழுத்தின் மேல் மட்டும்தான் சாய்கோடு. அது வேறு சொல். கடலோரக்காரர்களின் சொல். ஓதம் ஏறுவதை நிறுத்திவிட்டு இறங்கத் தொடங்காமல், அல்லது இறங்குவதை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்காமல் கடல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எத்தால் என்று பெயர். டோபாலஜியின் பெயர் இந்த இரண்டாவது சொல். கணிதர் லுக் இலூசி சொன்னதாக ஜேம்ஸ் மில்ன் தன் எத்தால் பாடக்குறிப்புகளில் இதைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு இது தெரியாது. முதல் கருத்தரங்குக்கு எழுதிய குறிப்பில் எல்லா இடத்திலும் இரண்டு சாய்கோடு போட்டிருந்தேன். என் வழிகாட்டி பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, ஓரத்தில் "சேன் மாலோவுக்குப் போய்ப் பார்" என்று எழுதித் திருப்பித் தந்தார். ரென்னிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெரிய ஓத நாட்களில் அங்கே கடல்மட்டம் ஏறி இறங்கும் வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும், ஏறக்குறைய நாலு மாடி உயரம். காலையில் மணலில் நடந்து போன இடத்தில் மதியம் அலை சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் சத்தம் அடங்கியது. துறைமுகச் சுவரில் ஒட்டியிருந்த பாசியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் அதற்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மிதந்துகொண்டிருந்த ஒரு கயிற்றுத் துண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் படகைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன், "எத்தால்" என்றார், ஒரே சொல்லில். கருத்தரங்கு அறையில் கேட்ட அதே சொல்.

காட்சிக்கும் கணிதத்துக்கும் என்ன தொடர்பு? கணிதர் டேவிட் மம்ஃபோர்ட் தன் பாடக்குறிப்புகளில், முழுநிலவின் கீழ் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கடல் காட்டும் தோற்றத்திலிருந்து இந்தச் சொல் வந்ததாகத் தெரிகிறது என்று எழுதினார். மில்ன் அதை விரித்து, அந்த நீரின் மேல் ஒளிக்கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் இணையாகத் தெரியும், முழுப்பரப்பையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி இருக்காது என்று விளக்கினார். அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நம் வர்க்கக் கோர்த்தலில் அப்படியே பொருந்துகிறது. பூச்சியம் இல்லாத எந்தப் புள்ளிக்குப் பக்கத்திலும் இரண்டு வர்க்கமூலங்கள் இரண்டு தாள்களாக, ஒன்றின் மேல் ஒன்று இணையாகக் கிடக்கும். ஆனால் பூச்சியத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தால் மேல்தாளில் தொடங்கியவர் கீழ்த்தாளில் வந்து நிற்பார். பக்கத்தில் இணை, முழுதாக அப்படி இல்லை.

காட்சியோடு நிறுத்திவிடாமல் சோதனையையும் எழுதுங்கள். ம²-இன் வகைக்கெழு 2ம. பூச்சியத்தை நீக்கிவிட்டோம், ஆக 2 பூச்சியமாகாத களத்தில் இது எங்கும் பூச்சியமாகாது. எனவே எத்தால் போர்வை. சிறப்பியல்பு 2 உள்ள களத்தில், அதாவது 1 + 1 = 0 ஆகும் களத்தில், 2ம என்பதே பூச்சியம், அங்கே எத்தால் ஆகாது. பூச்சியத்தைத் திரும்பச் சேர்த்தால் அங்கே இரண்டு தாள்களும் ஒட்டிக்கொள்ளும், அப்போதும் ஆகாது. மூன்று வரி. இந்த மூன்று வரியும் உங்கள் நோட்டில் இருந்தால் எத்தால் என்பது இனி மறக்காது.

இனி சுருக்கெழுத்துகள். இங்கே விதி எளிது: பிரெஞ்சில் விரியுங்கள், அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எதிர் உதாரணம் தேடுங்கள். எஃப்பிபிஎஃப் என்பது ஃபிதெல்மான் ப்ளா, தெ ப்ரெஸான்தசியோன் ஃபினி; பின்பாதி, முடிவுள்ள எண்ணிக்கையில் மாறிகளாலும் சமன்பாடுகளாலும் எழுத முடிவது என்பதற்கு. எஃப்பிக்யூசி என்பது ஃபிதெல்மான் ப்ளா, காஸி கோம்பாக்த்; பின்பாதி ஆங்கிலத்தில் குவாசி காம்பாக்ட், எத்தனை திறந்த பகுதிகளால் போர்த்தினாலும் அவற்றில் முடிவுள்ள சிலவே போதும் என்ற பண்பு. முதல் இரண்டு எழுத்து இரண்டிலும் ஒன்றே: விசுவாசமாகத் தட்டையானது. தட்டை என்பதை வடிவமாகக் கற்பனை செய்யாதீர்கள், நான் அப்படிச் செய்து ஒரு மாதம் வீணானது. அந்தச் சொல்லை இந்தப் பொருளில் செர் 1956-ல் கொண்டுவந்தார். டென்சார் பெருக்கினால் சரித்தொடர்கள் (எக்ஸாக்ட் சீக்வென்ஸ்) கெடாமல் இருக்கும் என்ற இயற்கணிதப் பண்பு அது. வடிவியலில் இதை, ஃபைபர்கள் திடீரென்று குதிக்காமல் ஒழுங்காக மாறுவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். விசுவாசமாக என்பது, மேலே பார்த்து எடுக்கும் முடிவைக் கீழேயும் நம்பலாம் என்பதற்கு.

வர்க்கக் கோர்த்தல் இங்கே அழகாக வரும். மேலே உள்ள எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் இரட்டைப் படிகள் தனியாக, ஒற்றைப் படிகள் தனியாகப் பிரியுங்கள். இரட்டைப் பகுதி முழுக்க க-வில் எழுதலாம். ஒற்றைப் பகுதி, ம-ஐ வெளியே எடுத்தால் மிச்சம் க-வில் எழுதலாம். ஒரே விதமாகத்தான் பிரியும். அதாவது, மேல் வளையம் கீழ் வளையத்தின் மேல் இரண்டு உறுப்புள்ள அடிக்கணத்தோடு நிற்கிறது. அதைவிடத் தட்டையாக ஒன்று இருக்க முடியாது. இந்த வாதத்தில் 2 எங்கும் வரவில்லை பாருங்கள். சிறப்பியல்பு 2-லும் சரி, பூச்சியத்தைச் சேர்த்த முழுக்கோட்டிலும் சரி, இது எஃப்பிபிஎஃப் போர்வைதான். எத்தால் கைவிட்ட இரண்டு இடத்திலும் எஃப்பிபிஎஃப் கைகொடுக்கிறது. அந்த டோபாலஜி எதற்காக வேண்டியிருந்தது என்ற கேள்விக்கே இது விடை.

எஃப்பிக்யூசி பக்கத்தில் ஓர் எச்சரிக்கை எழுத வேண்டும்: பெயரை எழுத்துக்கு எழுத்து நம்பினால் தவறாகிவிடும். முடிவில்லாத எண்ணிக்கையில் மாறிகள் உள்ள வெளியை எடுத்து, எல்லா மாறியும் பூச்சியமாக இருக்கும் அந்த ஒரு புள்ளியை மட்டும் நீக்குங்கள். முதல் மாறி பூச்சியமாகாத பகுதி, இரண்டாவது மாறி பூச்சியமாகாத பகுதி என்று போய்க்கொண்டே இருந்தால், எல்லாம் சேர்ந்து வெளியைப் போர்த்தும். சாதாரண ஜரிஸ்கி போர்வை. ஆனால் இந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே கோர்த்தலாக்கினால் அது குவாசி காம்பாக்ட் இல்லை. பெயரை அப்படியே எடுத்தால் ஒரு ஜரிஸ்கி போர்வை எஃப்பிக்யூசி போர்வையாக இருக்காது, அது நமக்கு ஆகாது. அதனால் வரையறையை இப்படித் திருத்திக்கொண்டார்கள்: கீழே உள்ள ஒவ்வொரு அஃபைன் திறந்த பகுதியும் (ஒரே வளையத்திலிருந்து கிடைக்கும் துண்டு) மேலே ஏதோ ஒரு குவாசி காம்பாக்ட் திறந்த பகுதியின் நிழலாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்த இரண்டு எழுத்தை எடுத்தே விடலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள லோக்கல் வளையத்தை (அந்தப் புள்ளிக்கு மிகப் பக்கத்தை மட்டும் பார்க்கும் வளையம்) எடுத்து, எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக வைத்து அந்தக் கோட்டுக்கு அனுப்புங்கள். விசுவாசமாகத் தட்டையானது, சந்தேகமில்லை. ஆனால் துண்டுகளுக்குள் ஒட்டே இல்லை. முடிவுள்ள எண்ணிக்கையில் எத்தனை துண்டை எடுத்தாலும் கோட்டில் சில புள்ளிகள்தான் போர்த்தப்படும். திருத்திய வரையறை இதைச் சரியாகத் தள்ளிவிடுகிறது.

நிஸ்னெவிச் டோபாலஜிக்கு இரண்டு பெயர். யெவ்ஸேய் நிஸ்னெவிச் தானே வைத்தது ஆள் பெயர் இல்லை. 1989-ல் அச்சான கட்டுரைத் தலைப்பிலேயே அது "முழுமையாகப் பிரிந்த டோபாலஜி" என்றுதான் இருக்கிறது. அவர் பெயர் மற்றவர்கள் கொடுத்தது. நான் எப்போதும் பழைய பெயரையே முதலில் சொல்லிக்கொடுப்பேன், ஏனென்றால் அதில்தான் பொருள் இருக்கிறது. சொல் எண்கோட்பாட்டிலிருந்து வருகிறது. √2-ஐச் சேர்த்த எண்களுக்குப் போனால் 7 என்ற பகா எண் (3 + √2)(3 − √2) என்று இரண்டாகப் பிரிகிறது. 5 பிரியாமல் அப்படியே நிற்கிறது. 7-ஐ முழுமையாகப் பிரிந்தது என்பார்கள். பிரிந்தால், மேலே உள்ள எச்சக் களமும் (பகா எண்ணால் வகுத்தபின் மிஞ்சும் களம்; ஒரு புள்ளிக்கு, அதன் மதிப்புகள் வாழும் களம்) கீழே உள்ளதும் ஒன்றே. பிரியாவிட்டால் மேலே பெரிதாகிவிடும்.

இதை நம் கோர்த்தலுக்குக் கொண்டு வாருங்கள், களம் விகிதமுறு எண்கள். நிஸ்னெவிச் போர்வை என்றால் எத்தாலாக இருக்க வேண்டும், கூடவே கீழே உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே அதே எச்சக் களம் உள்ள ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும். க = 4 என்ற புள்ளிக்கு மேலே 2, −2 இரண்டும் இருக்கின்றன, இரண்டும் விகிதமுறு எண்கள். நல்லது. க = 2-க்கு மேலே இருக்கும் ஒரே புள்ளிக்கு √2 வேண்டும். தோல்வி. கோட்டின் பொதுப் புள்ளியிலும் (முழுக்கோட்டுக்கும் பிரதிநிதியான, க-வை மாறியாகவே வைத்திருக்கும் புள்ளி) க-வின் வர்க்கமூலம் வேண்டும், அங்கும் தோல்வி. சரி, ஒட்டுப்போட்டுப் பாருங்கள்: 4 என்ற புள்ளியை மட்டும் நீக்கிய கோட்டை ஒரு துண்டாக எடுங்கள், வர்க்கக் கோர்த்தலை இன்னொரு துண்டாக எடுங்கள். முதல் துண்டு 4-ஐத் தவிர எல்லாவற்றையும், பொதுப் புள்ளி உட்பட, பார்த்துக்கொள்கிறது. 4-ஐ இரண்டாவது பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து நிஸ்னெவிச் போர்வை. 4-க்குப் பதிலாக 2-ஐ நீக்கியிருந்தால் எத்தால் போர்வையாக மட்டுமே இருந்திருக்கும். எத்தாலுக்கும் நிஸ்னெவிச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பலகையில் 4, 2 என்று இரண்டு எண்ணை எழுதினால் போதும்.

பழைய பெயரைத் தெரிந்து வைத்ததற்குப் பலன் அடுத்த பக்கத்திலேயே கிடைக்கும். கணிதர் விளாதிமிர் வொயெவோட்ஸ்கி ஹார்வர்டில் 1992-ல் முடித்த ஆய்வேட்டில் எச்-டோபாலஜியைக் கொண்டு வந்தார். எச் போர்வையில், கீழே ஒரு பகுதி திறந்ததா என்பதை மேலே பார்த்தே முடிவு செய்துவிடலாம், அடித்தளத்தை எப்படி மாற்றினாலும் அது நிற்கும். தட்டையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஓர் எழுத்தை வைத்து ஒரு குடும்பமே வளர்ந்தது. முன்னால் வரும் எழுத்தைத் தனியாகப் படியுங்கள்: க்யூஎஃப்எச் என்றால் குவாசி ஃபைனைட் சேர்த்த எச். பிஎச் என்றால் ப்ராப்பர் சேர்த்தது. ஈஎச் என்றால் எத்தால் சேர்த்தது. சிடிஎச்-இல் வரும் சிடி என்ன? அதே முழுமையாகப் பிரிந்ததுதான், கம்ப்ளீட்லி டிகம்போஸ்டு. நிஸ்னெவிச் என்ற பெயரை மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு எழுத்து வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்.

இங்கே மட்டும் உதாரணத்தை மாற்றுங்கள். ம என்ற எண்ணை (ம², ம³) என்ற புள்ளிக்கு அனுப்புங்கள். கிடைப்பது தொடக்கப் புள்ளியில் கூர்முனை உள்ள வளைவரை. கோர்த்தல் ஒன்றுக்கு ஒன்று, ஒரு புள்ளியும் விடுபடவில்லை, எச்சக் களங்களும் ஒவ்வொரு புள்ளியிலும் அதேதான். ஆனால் கூர்முனைக்கு மேலே உள்ள ஃபைபரில் ம² பூச்சியம், ம பூச்சியமில்லை. அதாவது, அங்கே இரண்டு பரிமாணம், மற்ற எல்லாப் புள்ளியிலும் ஒன்று. குதித்துவிட்டது, தட்டை இல்லை. எனவே எஃப்பிபிஎஃப் இதைப் போர்வையாக ஏற்காது. எச் ஏற்கும். சிடிஎச்-சும் ஏற்கும். கூர்முனைகளையும் முடிச்சுகளையும் இப்படி அவிழ்த்துப் பார்ப்பதற்குத்தான் அந்தக் குடும்பம்.

மற்ற காட்சிப் பெயர்களுக்கு அரைப் பக்கம் போதும், கிறிஸ்டலைனைத் தவிர. 1966-ல் கணிதர் ஜான் டேட்டுக்கு எழுதிய கடிதத்தில் க்ரோதெண்டிக் படிகத்துக்கு இரண்டு குணம் சொல்கிறார்: விறைப்பு, தகுந்த சூழலில் வளரும் திறன். எல்லாப் பொருளிலும் படிகம் உண்டு என்று சோடாப் படிகத்தில் தொடங்கி, கந்தகத்துக்குப் போய், அதே மூச்சில் மாட்யூல், வளையம், ஸ்கீம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எனக்கு இந்த வரி மிகப் பிடித்தமானது. வளர்வது என்றால், ஒரு வெளியில் உள்ள பொருள் அதன் நுண்ணிய தடிமன்களுக்கு விரிவது. விறைப்பு என்றால், எந்தத் தடிமனில் விரித்தாலும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துவது. அந்த இரண்டு குணமே ஏறக்குறைய வரையறை.

சின்டோமிக் கிரேக்கம், பேரி மேசர் கொடுத்த சொல். சின் என்றால் சேர்ந்து, பின்பாதி வெட்டுவது. தட்டையாகவும், உள்ளூர் அளவில் தேவையான எண்ணிக்கைச் சமன்பாடுகளால் மட்டும் வெட்டி எடுத்ததாகவும் இருக்கும் கோர்த்தல்கள். ஃபோந்தேனும் மெஸ்ஸிங்கும் 1987-ல் பி-ஆடிக் வேலையில் இதைப் பயன்படுத்தினார்கள். ப்ரோ-எத்தாலில் ப்ரோ என்பது ப்ரொஜெக்டிவ் எல்லையிலிருந்து வருவது. பார்கவ் பட், பீட்டர் ஷோல்ட்ஸெ இருவரின் கட்டுரை 2015-ல் வந்தது. நம் வர்க்கக் கோர்த்தலின் மேல் இன்னொரு வர்க்கக் கோர்த்தல், அதன் மேல் இன்னொன்று என்று முடிவில்லாமல் அடுக்கி, அந்தக் கோபுரம் முழுவதையும் ஒரே போர்வையாக எடுத்துக்கொள்ள இங்கே அனுமதி உண்டு, எத்தாலில் இல்லை. வி-டோபாலஜியில் போர்வையா என்பதை வேல்யுவேஷன் வளையங்களை வைத்தே சோதிக்கிறார்கள். பார்கவ் பட், அகில் மேத்யூ இருவரின் ஆர்க்-டோபாலஜியில் அவற்றில் ரேங்க் ஒன்றுக்கு மேல் போகாதவற்றை மட்டும். முதல் பக்கத்துக்குத் திரும்பி 1944-ஐப் பாருங்கள். ஜரிஸ்கி டோபாலஜி கொடுத்ததும் வேல்யுவேஷன்களுக்குத்தான். நான் அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

தேடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். செவாலே கருத்தரங்கின் உரைகள் நும்தாம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூலத்தை ஒரு முறையாவது திறந்து, பெயர் முதலில் வரும் வரியைக் கண்ணால் பாருங்கள். பிரெஞ்சு முழுக்கத் தெரிய வேண்டாம், ஒரு நல்ல அகராதி இருந்தால் போதும். வரையறை இன்று எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என்ற இலவச இணையப் பாடநூலில் ஒத்துப் பாருங்கள். இரண்டும் மாறுபட்டால் அந்த வேறுபாட்டைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

நோட்டைத் தொடங்கியதும் முதல் பயிற்சியாக வர்க்கத்தை விட்டுவிட்டுக் கனத்துக்குப் போங்கள்: க = ம³, களம் விகிதமுறு எண்கள், பூச்சியம் இல்லாத கோடு. எத்தாலா என்று பாருங்கள், எந்தச் சிறப்பியல்பில் கெடும் என்று எழுதுங்கள். அப்புறம் க = 8-க்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2 என்ற விகிதமுறு புள்ளி ஒன்று, அதோடு ஒன்றின் கனமூலங்கள் தேவைப்படும் இன்னொரு புள்ளி. முழுமையாகப் பிரியவில்லை. ஆனாலும் 8-ஐ நீக்கிய கோட்டோடு இதைச் சேர்த்தால் நிஸ்னெவிச் போர்வை கிடைக்கிறது, ஏனென்றால் வரையறை கேட்பது அதே எச்சக் களம் உள்ள ஒரே ஒரு புள்ளியைத்தான். பெயர் ஒரு படி கூடுதலாகச் சொல்கிறது. என் நோட்டில் சிவப்பு மையில் இருக்கும் முதல் வரி இது.